குரலும் ஸ்தாயியும்
பாடும் பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியவை

நாயன்மார்கள் இறைவனை ஏழிசையின் வடிவமாகவே கண்டு பாடிப் பரவினர். அவர்கள் வழிவந்த நாமும் நமது ஆலயங்களில் பூசை நிறைவில் பஞ்சபுராணம் ஓதுகின்றோம். வெள்ளிக்கிழமைகளிலே கூட்டுப் பிரார்த்தனை செய்கின்றோம். திருவிழாக் காலங்களிற் பிள்ளைகளின் பண்ணிசையைக் கேட்டு மகிழ்கின்றோம். இவையெல்லாம் எந்த வாத்தியத்திற்கும் முற்பட்டதாகிய மனிதக் குரலை நம்பியே நடைபெறுகின்றன. வீணைக்கு உறை தைத்து வைக்கும் நாம், மிருதங்கத்தை வெயில் படாமற் பாதுகாக்கும் நாம், குரல் என்னும் இவ்வாத்தியத்தின் அமைப்பையும் எல்லையையும் பற்றிச் சிந்திப்பது குறைவு.

இதனால் ஏற்படும் இழப்பு சிறிதன்று. பத்து வயதிலே கணீரென்று தேவாரம் ஓதிய ஆண் பிள்ளைகளிற் பலர் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஓதுவதை நிறுத்திவிடுகின்றனர். “குரல் போய்விட்டது” என்று பிள்ளையும் சொல்கிறது, பெற்றோரும் சொல்கின்றனர். பெண் பிள்ளைகளிலோ சிலர் மேல் ஸ்தாயியை எட்ட முடியாமல் நெஞ்சாற் தள்ளிக் கத்திப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்கின்றனர். இவ்விரண்டும் தவிர்க்கக் கூடியவை. அதற்கு ஸ்தாயி, சுருதி, குரல் நிலை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புடையன என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

மூன்று ஸ்தாயிகள்

கர்நாடக இசையில் ஷட்ஜம் முதல் நிஷாதம் வரையுள்ள ஏழு ஸ்வரங்களின் தொகுதி ஒரு ஸ்தாயி எனப்படும். பாடுபவரின் ஆதார ஷட்ஜத்திலிருந்து மேலே செல்வது மத்திய ஸ்தாயி. அதற்குக் கீழுள்ளது மந்தர ஸ்தாயி, மேலுள்ளது தார ஸ்தாயி. பழந்தமிழர் இவற்றை முறையே சமன், மெலிவு, வலிவு என வழங்கினர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன அவர்கள் ஏழு ஸ்வரங்களுக்கு இட்ட பெயர்களாகும். ஈழம் தந்த பேரறிஞராகிய சுவாமி விபுலாநந்தர் 1947 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது யாழ் நூலில் இப்பழந்தமிழ் இசை மரபை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

13 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சார்ங்கதேவர் தமது சங்கீத ரத்னாகரத்தில் மந்தரம் நெஞ்சிலும், மத்தியம் கண்டத்திலும், தாரம் தலையிலும் பிறப்பதாகவும், ஒவ்வொன்றும் முன்னையதைப் போல் இரு மடங்காகும் என்றும் கூறுகின்றார். இன்றைய பௌதிகவியலும் இந்த இரு மடங்குக் கணக்கையே சொல்கிறது. ஆதார ஷட்ஜத்தின் மீடிறன் 131 ஹேர்ட்ஸ் ஆயின், தார ஷட்ஜம் 262 ஹேர்ட்ஸ் ஆகும். பஞ்சமமோ ஷட்ஜத்தின் ஒன்றரை மடங்கு.

நமது உருப்படிகளிற் பெரும்பாலானவை மந்தர பஞ்சமம் தொடக்கம் தார பஞ்சமம் வரையான இரண்டு ஸ்தாயிகளுக்குள் அடங்கிவிடும். ஆரம்ப மாணவருக்கு மாயாமாளவகௌளை இராகத்திலே சரளி வரிசை, ஜண்டை வரிசை முதலியவற்றுடன் மேல் ஸ்தாயி வரிசையும் மந்தர ஸ்தாயி வரிசையும் கற்பிக்கப்படுவது, இந்த இரண்டு ஸ்தாயி எல்லையைக் குரலுக்குச் சிறிது சிறிதாகப் பழக்குவதற்கேயாகும்.

சுருதி அல்லது கட்டை

ஆதார ஷட்ஜத்தை எங்கே வைப்பது என்பது பாடுபவரின் குரலைப் பொறுத்தது. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என அழைப்பது நமது வழக்கம். வளர்ந்த ஆண்களிற் பலர் 1 கட்டையை ஒட்டியும், பெண்களிற் பலர் 5 அல்லது 5½ கட்டையை ஒட்டியும் பாடுகின்றனர்.

1 கட்டையிற் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹேர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 98, தார பஞ்சமம் 393 ஆகும். 5 கட்டையிற் பாடும் பெண்ணுக்கு ஆதார ஷட்ஜம் 196, மந்தர பஞ்சமம் 147, தார பஞ்சமம் 588 ஆகும். இருவரும் ஒரே கீர்த்தனையைப் பாடினாலும் அவர்களின் தொண்டை செய்யும் வேலை ஒன்றன்று என்பதை இவ்வெண்களே காட்டும்.

குரலின் நிலைகள்

குரல்வளையினுள்ளே இரண்டு குரல்நாண்கள் உள்ளன. நுரையீரலிலிருந்து வரும் காற்று இவற்றை அதிரச் செய்வதால் ஒலி பிறக்கின்றது. தாழ்ந்த ஸ்வரங்களைப் பாடும்போது குரல்நாண்கள் குறுகித் தடித்து, முழுமையாக அதிர்கின்றன. நெஞ்சிற் கையை வைத்தால் அதிர்வு தெரியும். இதனை நெஞ்சுக்குரல் எனலாம். மேலே செல்லச் செல்லக் குரல்நாண்கள் நீண்டு மெல்லியனவாகின்றன. அதிர்வு நெஞ்சை விட்டு முகத்திலும் தலையிலும் உணரப்படும். இதனைத் தலைக்குரல் எனலாம். குரல்நாண்களின் விளிம்புகள் மட்டும் அதிர, உடல் வலுவில்லாமல் காற்றோடு கலந்து வரும் மெல்லிய ஒலியையே நமது வித்துவான்கள் கள்ளத்தொண்டை என்பர்.

நெஞ்சுக்குரலிலிருந்து தலைக்குரலுக்கு மாறும் இடத்தைச் சந்தி என வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோருக்கு இது ஏறத்தாழ 300 முதல் 350 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் அமைகின்றது. ஆளுக்காள் சிறிது வேறுபடும். பயிற்சி இல்லாதவருக்கு இவ்விடத்திலே குரல் உடையும், அல்லது திடீரென்று மெலியும்.

இங்கே ஒரு முக்கியமான உண்மையைக் கவனித்தல் வேண்டும். ஸ்தாயி என்பது பாட்டின் அளவு. குரல் நிலை என்பது உடம்பின் அளவு. மந்தர ஸ்தாயி என்றால் நெஞ்சுக்குரல், தார ஸ்தாயி என்றால் தலைக்குரல் என்று இரண்டையும் ஒன்றாக்கிவிடுதல் ஆகாது. மேற்சொன்ன எண்களைக் கொண்டு பார்த்தால், 1 கட்டையிற் பாடும் ஆணுக்குச் சந்தி தார ஸ்தாயி காந்தார மத்திமங்களின் அருகில் வருகின்றது. 5 கட்டையிற் பாடும் பெண்ணுக்கோ அது மத்திய ஸ்தாயி பஞ்சம தைவதங்களின் அருகிலேயே வந்துவிடுகின்றது.

ஆகவே ஓர் ஆண் ஆசிரியர் தாம் தார ஷட்ஜத்தை நெஞ்சுக்குரலிற் பாடுவது போலவே மாணவியும் பாட வேண்டும் என எதிர்பார்ப்பது பொருந்தாது. அவருடைய தார ஷட்ஜம் 262 ஹேர்ட்ஸ், மாணவியினுடையது 392. அந்த இடத்தில் மாணவியின் குரல் தலைக்குரலாக மாறுவதே இயல்பு. அதனைக் கள்ளத்தொண்டை என்று கண்டித்தால், பிள்ளை நெஞ்சுக்குரலையே மேலே தள்ளிக் கத்தத் தொடங்கும். கழுத்து நரம்பு புடைத்தல், நாடி மேலெழுதல், ஸ்வரம் சுருதிக்குக் கீழே நிற்றல், பாடி முடிந்ததும் தொண்டை கரகரத்தல் என்பன இதன் அடையாளங்களாகும். வலுவும் தெளிவும் உள்ள தலைக்குரல் வேறு, காற்றாய்ப் போகும் கள்ளத்தொண்டை வேறு. முன்னையதிற் கமகம் தெளிவாகப் பேசும். பின்னையதில் கமகம் குழைந்து மறைந்துவிடும். இந்த வேறுபாட்டைக் காது கொண்டு அறிவதே ஆசிரியரின் கடமையாகும்.

தனக்குரிய சுருதியைக் காணுதல்

பின்வரும் முறையில் ஒவ்வொருவரும் தமது சுருதியைத் தாமே ஓரளவு கண்டுகொள்ளலாம்.

1. அதிகாலையிற் குரல் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஆகவே வழக்கமாகப் பாடும் வேளையிலே, சிறிது சாதகம் செய்த பின் தொடங்குக.

2. ஆர்மோனியத்திற் கீழ்நோக்கி ஒவ்வொரு கட்டையாக வந்து, அகாரத்திலே தெளிவாகவும் நிலையாகவும் நிறுத்திப் பாடக்கூடிய ஆகத் தாழ்ந்த ஒலியைக் கண்டுபிடிக்குக. வெறுங் காற்றாகவோ கரகரப்பாகவோ வருவதைக் கணக்கில் எடுக்கலாகாது.

3. அவ்வொலியை மந்தர பஞ்சமமாகக் கொள்க. அதிலிருந்து ப, த, நி, ஸ என மேலே சென்றால் வருவதே ஷட்ஜம். உதாரணமாக, தெளிவான ஆகக் கீழ் ஒலி கீழ் வரிசையின் 5 கட்டையாயின் சுருதி 1 கட்டை ஆகும்.

4. அச்சுருதியிலே தார காந்தாரம் வரை சத்தத்தைக் கூட்டாமல் பாடிப் பார்க்குக. சிரமமாயின் அரைக் கட்டை இறக்கலாம். மேலே இலகுவாகச் சென்று கீழே குரல் கேட்காமற் போயின் அரைக் கட்டை ஏற்றலாம்.

ஒரே நாளில் முடிவு செய்யாது, ஒரு வார காலம் பாடிப் பார்த்து முடிவு செய்வதே நன்று. பிள்ளைகளுக்கு வளர வளர இதனை மீண்டும் சோதித்தல் வேண்டும்.

உயர்ந்த சுருதியிற் பாடுவது திறமை, தாழ்ந்த சுருதியிற் பாடுவது குறைவு என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. நாடக மேடையிற் பாடிய எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) உயர்ந்த சுருதிக்குப் பேர் பெற்றவர். நமது கூத்துக் கலைஞரும் இசைநாடகக் கலைஞரும் திறந்த வெளியிலே கடைசியில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டியிருந்தது. ஒலிவாங்கி வந்த பின் அத்தேவை இல்லை. ஜி. என். பாலசுப்பிரமணியம் (1910–1965) உயர்ந்த சுருதியில் விரைவான பிருகாக்களாற் கவர்ந்தார். எம். டி. இராமநாதன் (1923–1984) மிகத் தாழ்ந்த சுருதியில் ஆழ்ந்து, விளம்ப காலத்திற் பாடித் தமக்கென ஒரு பாணியை உருவாக்கினார். டி. கே. பட்டம்மாளின் (1919–2009) கம்பீரமான கனத்த குரல் பெண்குரல் மென்மையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்று காட்டிற்று. இவர்கள் ஒருவரையொருவர் பின்பற்றி இருந்தால் மூவரையும் நாம் இழந்திருப்போம்.

மகரக்கட்டு

ஆண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் குரல்வளை விரைவாக வளர்கின்றது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. இதனாற் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி அளவு கீழிறங்குகின்றது. இதனையே மகரக்கட்டு என்பர். முற்காலத்துச் சிறுவர் நாடகக் கம்பெனிகளிலே மகரக்கட்டு வந்த சிறுவர் தாம் ஏற்று நடித்த பாத்திரங்களையே இழக்க நேர்ந்ததுண்டு. பெண் பிள்ளைகளுக்கும் இவ்வயதிற் குரல் மாறுகின்றது. ஆனால் அம்மாற்றம் சிறிதாகையால் அதிகம் வெளித்தெரிவதில்லை.

மகரக்கட்டு நோயன்று. குரல் போய்விடவுமில்லை. பழைய வாத்தியத்தின் இடத்திலே பெரியதொரு வாத்தியம் வந்து சேர்ந்திருக்கின்றது. அதனைக் கையாளப் பிள்ளைக்கு இன்னும் பழக்கமில்லை, அவ்வளவே. சில மாதங்கள் தொடக்கம் ஓராண்டு அல்லது அதற்கு மேலும் இந்நிலை நீடிக்கலாம். இக்காலத்திற் கவனிக்க வேண்டியவை சில:

பழைய சுருதியிலேயே பாடும்படி வற்புறுத்தலாகாது. சுருதியை அரை அரைக் கட்டையாக இறக்கிக்கொண்டே வருதல் வேண்டும். ஒரு நாள் வந்த ஸ்வரம் மறுநாள் வராமலும் போகலாம்.

பாடுவதை முற்றாக நிறுத்தவும் வேண்டியதில்லை. இலகுவாக வரும் நான்கைந்து ஸ்வரங்களுக்குள் மெதுவாக, குறைந்த சத்தத்தில், நாளொன்றுக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் பாடினால் போதும். தாள ஞானம், ஸ்வர ஞானம், இராக லட்சணம், திருமுறைகளை மனனம் செய்தல் ஆகியவற்றுக்கு இக்காலத்தைப் பயன்படுத்தலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, குரல் உடையும்போது சபையில் ஒருவரும் சிரிக்கலாகாது. பிள்ளை பாட்டை விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தொண்டையன்று, அந்தச் சிரிப்பே. மூத்தவர் ஒருவர் அருகில் நின்று சேர்ந்து ஓதினால் பிள்ளைக்குத் துணிவு உண்டாகும்.

ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் பண்கள்

குறைந்த எல்லையுள்ள குரல்களுக்கும் நமது மரபு இடம் வைத்திருக்கின்றது என்பது மகிழ்ச்சிக்குரியது. சில இராகங்கள் தார ஷட்ஜம் வரை செல்வதேயில்லை. நாதநாமக்கிரியை, புன்னாகவராளி என்பன மத்திய ஸ்தாயி நிஷாதத்துடனும், குறிஞ்சி தைவதத்துடனும், நவரோஜ் பஞ்சமத்துடனும் நின்றுவிடும். இவை முறையே நிஷாதாந்திய, தைவதாந்திய, பஞ்சமாந்திய இராகங்கள் எனப்படும். இவற்றை மத்திம சுருதியிற் பாடுவது வழக்கம். அதாவது, வழக்கமான சுருதியின் மத்திமத்தையே ஷட்ஜமாக வைத்துப் பாடுதல்.

இதன் பயனை நவரோஜ் இராகத்தைக் கொண்டு பார்ப்போம். அதன் எல்லை மந்தர பஞ்சமம் முதல் மத்திய பஞ்சமம் வரையான ஒரே ஒரு ஸ்தாயி. மத்திம சுருதி வைத்துப் பாடும்போது அதன் மந்தர பஞ்சமம் பாடகரின் வழக்கமான ஷட்ஜத்திலும், மத்திய பஞ்சமம் வழக்கமான தார ஷட்ஜத்திலும் சரியாக வந்து அமையும். இராகம் முழுவதும் குரலின் நடுப்பகுதியிலேயே நிற்கின்றது. கீழே தேடவும் வேண்டாம், மேலே முட்டவும் வேண்டாம்.

தேவாரப் பண்களிலே கொல்லி இன்று நவரோஜ் இராகத்திலும், சீகாமரம் நாதநாமக்கிரியையிலும் ஓதப்படுகின்றன. அப்பர் சுவாமிகள் சூலை நோயால் வருந்தித் திருவதிகையிலே பாடியருளிய முதற் பதிகம் கொல்லிப் பண்ணிலேயே அமைந்துள்ளது. வலியோடு வந்து நிற்கும் ஒருவர் முறையிடுவதற்கு உரக்கக் கூவத் தேவையில்லாத பண் அது. மகரக்கட்டில் இருக்கும் பிள்ளைக்கும், மூச்சுக் குறைந்த முதியவருக்கும், முறைப்படி இசை பயிலாத அடியவருக்கும் இப்பண் ஏற்றதாகும்.

கூட்டுப் பிரார்த்தனையிற் சுருதி

கூட்டுப் பிரார்த்தனைகளில் ஆர்மோனியம் வாசிப்பவருக்குப் பழக்கமான கட்டையிலேயே எல்லோரும் பாடுவது வழக்கமாகிவிட்டது. ஷட்ஜத்திலிருந்து தார ஷட்ஜம் வரை செல்லும் எளிய பாடல்களுக்கு 6 அல்லது 6½ கட்டை பொருத்தமாக இருக்கும். பெண்களும் சிறுவரும் அச்சுருதியிலும், ஆண்கள் அதே கட்டையின் கீழ் ஸ்தாயியிலும் பாடினால், இரு சாராரும் தத்தமது குரலின் இயல்பான பகுதியில் நிற்பர். சுருதியும் ஒன்றாய் இணையும். ஆண்கள் பெண்களின் ஸ்தாயியை எட்டிப் பிடிக்க முயல்வதனாலேயே பஜனை பல வேளைகளிற் கூச்சலாகின்றது.

இன்னொன்று. “சத்தத்தைக் கூட்டு” என்பதும் “சுருதியைக் கூட்டு” என்பதும் வெவ்வேறு. ஒலிவாங்கி முன் நிற்கும் பிள்ளையை “உரத்துப் பாடு” என்று தூண்டினால் அது சுருதியை விட்டு மேலே ஏறிவிடும். சத்தம் போதாவிட்டால் ஒலிபெருக்கியைத் திருத்துக, பிள்ளையின் தொண்டையை அன்று.

சாதகமும் பாதுகாப்பும்

சந்தியைக் கடக்கப் பழகுபவர், சந்திக்குக் கீழே இரண்டு மூன்று ஸ்வரங்களில் தொடங்கி மேலே இரண்டு மூன்று ஸ்வரங்கள் வரை அகாரத்திலும் உகாரத்திலும் மெதுவாக ஏறி இறங்குக. மேலிருந்து கீழே வரும் பயிற்சியை முதலிற் செய்வது இலகு. சத்தம் குறைவாகவும், நாடி நேராகவும், தோள்கள் தளர்ந்தும் இருத்தல் வேண்டும். வாயை மூடி ம்காரத்திற் பாடிப் பழகுவதும் நன்று. மந்தர ஸ்தாயிச் சாதகத்திலே குரலை அழுத்தலாகாது. அழுத்தினால் ஆழம் வராது, கரகரப்பே வரும்.

பாடும் நாட்களிற் தண்ணீர் அடிக்கடி அருந்துக. அடிக்கடி செருமுவதைத் தவிர்க்குக. தடிமன், தொண்டை நோ உள்ளபோது ஓய்வு கொடுக்குக. திருவிழாக் காலத்தில் இரவு முழுவதும் உரத்துப் பேசிய பின் மறுநாட் காலையில் மேல் ஸ்தாயியிற் பாடுதல் கூடாது. ஓயாது கத்திப் பாடுவோருக்குக் குரல்நாண்களிற் சிறு முடிச்சுகள் தோன்றக்கூடும். கரகரப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், கைமருந்தோடு நின்றுவிடாது காது மூக்குத் தொண்டை வைத்தியரைக் காணுதல் அவசியம்.

இவ்வளவும் நோக்கும்போது நாம் தெளிய வேண்டியது ஒன்றே. பாட்டுக்குரிய ஸ்தாயிகளை நாம் மாற்ற முடியாது. பிள்ளையின் தொண்டையையும் மாற்ற முடியாது. நமது கையில் உள்ளது சுருதி மட்டுமே. அதனைச் சரியான இடத்தில் வைத்துக் கொடுத்தால் பாட்டும் தொண்டையும் இசைந்துகொள்ளும். இவ்வாண்டு நமது ஆலயத்திற் பஞ்சபுராணம் ஓதும் சிறுவர்கள், குரல் மாறி முடிந்த பின்னரும் அதே மண்டபத்தில் நின்று ஓதுவார்களாயின் அதுவே நமக்குப் பெருமை. அதற்கு அவர்களுக்குத் தேவைப்படுவது அரைக் கட்டை இறக்கிய சுருதியும், சற்றுப் பொறுமையுமேயாகும்.